காத்திருப்போர் பட்டியலில் இரண்டாவது

முதல் ஆள் வரவில்லையென்றால் நீங்கள் என்று
மார்ச்சில் கடிதம் வந்தது.
'அன்புள்ள ராக்காயி பெரியகருப்பன்'
அப்பாவையும் சேர்த்தே அழைத்திருந்தார்கள்.

ஸ்வீடனில், கடலோரத்தில் ஒரு சிற்றூர்.
ஓவியர்களுக்கு ஒரு மாதம் வீடு, விறகு, சைக்கிள்.
ஊர்ப்பெயரில் ஓர் எழுத்தின் தலைமேல் சின்ன வட்டம்,
நெற்றிப்பொட்டு இடம்மாறி உச்சிக்கு ஏறியது போல.
அந்த எழுத்து தனியே நின்றால்
ஆறு என்று பொருளாம்.
கரும்பலகையில் எழுதிக் காட்டினேன்.
'மிஸ், புள்ளி வைக்கப் போய் சுழிச்சுட்டீங்க'
என்றது ஏழாம் வகுப்பு.

முதல் ஆள் போய்விட்டார்.
ஆனால் தங்குவோர் கையேடு
யார் தவறாலோ எனக்கும் வந்தது,
பதினான்கு பக்கம்.

செல்லூரில் நவநீதன் வீட்டு மொட்டைமாடி அறை,
தகரக் கூரை, மூவாயிரத்து இருநூறு வாடகை.
மே ஒன்றாம் தேதி காலை
பையை எடுத்துக்கொண்டு படியிறங்கி
தெருமுனைவரை போய்த் திரும்பி
வந்து சேர்ந்தேன்.

சாவி பூந்தொட்டிக்கு அடியில் இருக்கும்.
பெயிண்ட் டப்பாவுக்கு அடியில் நானே வைத்து
நானே எடுத்துத் திறந்தேன்.
கடற்பறவைகளுக்கு உணவிடாதீர்கள், பழகிவிடும்.
காக்கைக்கு வைப்பதை நிறுத்தினேன்.
மூன்றாம் நாள் சன்னலில் நின்று
வட்டிக்காரன் போலக் கூப்பிட்டது.
அது ஏற்கெனவே பழகியது, என்ன செய்ய.
நீராவிக் குளியல் வியாழன் மட்டும், ஆறிலிருந்து எட்டு.
தகரத்துக்கு வியாழன் தெரியாது.
ஜூனில் இரவு பத்துக்கும் வெளிச்சம் இருக்கும்,
கறுப்புத் திரையை இழுத்துவிட்டுத் தூங்கவும்.
எதிர்வீட்டு விசைத்தறியின் டியூப்லைட்
விடிய விடிய என் சுவரில் கிடந்தது.
பாவாடையைச் சன்னலில் கட்டினேன்.

கடல், நான்கு நிமிட நடை.
கண்மாய் எனக்குப் பதினோரு நிமிடம்.
மதகு ஓரம் மட்டும் தண்ணீர், அதன்மேல் நுரை.
சோப்பா சாயமா தெரியாது.
பென்சிலால் நுரையைப் போட முடியாது.
சுற்றிக் கறுப்பாக்கி
தாளை அப்படியே விட்டுவைக்க வேண்டும்.
ஒன்பது நாள் விட்டுவைத்தேன்.

பத்தாம் நாள்
ஜிலேபிக் கெண்டைக்குத் தூண்டில் போட்டிருந்த ஒச்சாத்தேவன்
என்னைப் பார்க்காமலே கேட்டார்:
'சர்வேயா?'
இல்லை, சும்மா வரைகிறேன் என்றேன்.
'போன தடவையும் சும்மாதான்னு சொன்னாங்க.
அப்புறம் சுவத்துல செவப்புப் பெயிண்ட்ல நம்பர் போட்டாங்க.'

மறுநாள் கரைமேட்டிலிருந்து பாண்டீஸ்வரி வந்தாள்,
கரண்ட் பில், வரி ரசீது, எல்லாவற்றின் நகலோடும்.
'எங்க வீடும் அந்தப் படத்துல இருக்கட்டும்.
இருக்குன்னு தெரியணும்ல.'
நான் ஆபீஸ் இல்லை என்று மூன்று முறை சொன்னேன்.
மூன்று முறையும் தலையாட்டிவிட்டு
ரசீதை என் மடியில் வைத்தாள்.

மிச்ச நாளெல்லாம் வீடுகள்.
பதினேழு.
சிவப்பு எண்ணைப் போடவா விடவா என்று
ஒவ்வொரு வாசலிலும் கேட்டேன்.
பாதிப் பேர் போடு என்றார்கள், பாதிப் பேர் விடு.
ஒரு வீட்டில் புருஷன் போடு, பெண்டாட்டி விடு.
அந்தச் சுவரில் ஓர் ஆட்டுக்குட்டியைக் கட்டிவைத்து
எண்ணை மறைத்தேன்.
அங்கே ஆடு கிடையாது.

விடைபெறுகையில் ஒரு படைப்பை வீட்டுக்குத் தர வேண்டும்.
பக்கம் பதினான்கு, கடைசி வரி.
எந்த வீட்டுக்கு என்று அதில் இல்லை.
பாண்டீஸ்வரி ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்து
ரேஷன் கார்டு இருக்கும் டிரங்குப் பெட்டியில் வைத்தாள்.
மற்ற பதினாறு வீட்டுக்கும் நகல், ஒன்று இரண்டு ரூபாய்.
நகலில் நுரை நன்றாக விழுந்திருந்தது.

முப்பத்தொன்றாம் தேதி
அறையைக் கூட்டினேன், தண்ணீர்ப் பானையைக் கவிழ்த்தேன்,
சாவியை டப்பாவுக்கு அடியில் வைத்தேன்.
கீழே நவநீதன் மோட்டார் போட்டுக்கொண்டிருந்தார்.
'ஊருக்கா டீச்சர்?'
ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.
தெருமுனையில் வெகுநேரம் நின்றேன்,
உடனே திரும்பினால் அவர் என்ன நினைப்பாரோ என்று.