நான்கு அங்குலம்

மைனாட்டிலிருந்து வடக்கே நாற்பது மைல்.
கோதுமைக் கொட்டகையின் கதவை அவன் தள்ளத் தள்ள
வெளிச்சம்தான் முதலில் உள்ளே போய்ப் பார்த்தது.
முப்பத்துநான்காம் வருஷத்து ஃபோர்டு.
ஐம்பதுகளில் யாரோ ஒருவன்
கூரையை அறுத்து, நான்கு அங்குலம் எடுத்தெறிந்துவிட்டு
மீதியைத் தாழ்த்தி ஒட்டியிருந்தான்.
நெற்றியில்லாத முகம்.
எனக்குப் பிடித்துவிட்டது.

"ஓடுமா?"
"ஓடியது" என்றான் ஆர்டெல் ஸ்டென்ஸ்ருட்.
இறந்தகாலத்தை அவ்வளவு மரியாதையாக
யாரும் உச்சரித்து நான் கேட்டதில்லை.

மாவட்டத்துப் பனித்தள்ளு லாரி ஓட்டுகிறவள் நான்.
நான்கு குளிர்காலத்தின் இரவுப்படி
ஒரு காப்பி டப்பாவுக்குள்.
நாய் விற்ற காசு குரைக்காதுதான்;
பனி தள்ளிய காசு அவன் விரல்களில்
விறைத்துக்கொண்டு பிரிய மறுத்தது.
எண்ணினான். மறுபடி எண்ணினான்.
பிறகு, நான் கேட்காமலே,
உதிரி முகப்புவிளக்கு ஒன்றை
என் கையில் வைத்தான்,
கண்ணைத் தானம் செய்கிறவன்போல.

வண்டி மட்டும் வாங்கியதாக நினைத்திருந்தேன்.
ஒரு குளவிக்கூடு, இரண்டு எலிக்குடும்பம்,
இருக்கைப் பஞ்சுக்குள் ஒற்றைக் கம்மல்,
ஐம்பத்தேழாம் வருஷத்து அபராதச் சீட்டு
(முப்பதில் போகவேண்டிய தெருவில் எழுபத்தொன்று)
எல்லாம் அதே விலைக்குள்.
கட்டினானா, ஏமாற்றினானா, தெரியாது.
சீட்டைக் கண்ணாடி ஓரம் செருகிவைத்தேன்,
பதக்கம் மாதிரி.

நவம்பர் முழுக்க போல்ட்டுகள்.
எண்ணெய் ஊற்றி இரவெல்லாம் ஊறவிட்டு
காலையில் கெஞ்சுவேன்.
பதினொன்றாவது முறிந்தபோது
இங்கிலீஷ் வசவுகள் தீர்ந்துபோய்
நார்வே வசவுகளுக்கு வந்திருந்தேன்.
டிசம்பரில் இன்ஜினைப் பிரித்தால்
வால்வுக்கும் சிலிண்டருக்கும் நடுவே விரிசல்,
ஒரு முடி அளவு.
அந்த முடிக்கு எண்ணூறு டாலர்.
ஜனவரியில் கொட்டகைப் பக்கமே போகவில்லை.
பனி பெய்தது. தள்ளினேன்.
மறுபடி பெய்தது.

பிப்ரவரி கடைசியில் இருக்கையைப் பூட்டி
முதன்முறையாக ஏறி உட்கார்ந்தேன்.
ணங்.
நான் ஆறடி ஓர் அங்குலம்.
ஐந்து மாதமாக அந்த வண்டியின் குடலைக்கூட
அளந்து வைத்திருந்தவள்
என்னை அளக்க மறந்திருந்தேன்.

வெல்டிங் செய்யும் லவான் ஐடெ
தரையில் உட்கார்ந்து சிரித்தாள், கண்ணில் நீர் வர.
பிறகு சாக்பீஸை எடுத்தாள்:
"அறுத்ததைத் திருப்பி ஒட்டிவிடலாம். இரண்டு நாள் வேலை."
வேண்டாம் என்றேன்.
கூரை இறங்கியது இறங்கியதுதான்.
நான் இறங்கிக்கொள்கிறேன்.

அப்படித்தான் தரையை அறுத்தோம்.
இருக்கை அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது.
பள்ளிப் புகைப்படம் எல்லாவற்றிலும் கடைசி வரிசை,
நடன அரங்கில் பாவாடைக்குள் மடக்கிய முழங்கால்,
ஹாலின் வீட்டில் இருந்த ஏழு வருஷமும்
தட்டைச் செருப்பு.
அதெல்லாம் அடுத்தவர் உயரத்துக்காக.
இது நான் காசு கொடுத்து வாங்கிய குனிவு.

ஏப்ரல் பதினாறு. மூன்றாவது முயற்சியில்
இருமி, கறுப்பாய்த் துப்பி, பிடித்துக்கொண்டது.
அலமாரியிலிருந்து ஸ்பேனர்கள் ஒவ்வொன்றாக
நடந்து வந்து விழுந்தன.
லவான் ஏதோ கத்தினாள்.
வாய் மட்டும் தெரிந்தது.

பனி லாரியில் ஒன்பதடி உயரத்தில் உட்கார்ந்து
இருபது வருஷம் வானத்தைத்தான் ஓட்டியிருக்கிறேன்;
இங்கே நிலம் என்பது வானத்தின் கீழ்விளிம்பு.
இப்போது கண்ணாடி, தபால்பெட்டியின் வாய்.
வானம் இல்லை.
சாலை, சாலையில் கரைந்துகொண்டிருக்கும் உப்பு,
நாற்பத்தைந்து மைல் வேகத்தில்
முதுகெலும்பு ஒவ்வொன்றாய்ப் பேர் சொல்லும் தார்.
பெட்ரோல் முள் பொய் சொல்கிறது.
இடது கதவு திருப்பங்களில் தானாகத் திறக்கும்;
கயிறு கட்டியிருக்கிறேன்.

ஊர் எல்லைச் சந்திப்பில் நின்றேன்.
சிக்னல் விளக்கு
என் கூரைக்கு மேலே எங்கோ தொங்குகிறது.
சிவப்பா, பச்சையா?
குனிந்தேன், இன்னும் குனிந்தேன்,
ஸ்டியரிங்கில் மோவாய் முட்டியது.
தெரியவில்லை.

பின்னால் நின்ற மாட்டு லாரிக்காரன்
ஹாரன் அடித்தான்.

பச்சை.