மூன்றாவது கவுண்டர்

டிவியில் வானிலை சொல்பவர் டையைத் தளர்த்தினால்
ஆறு அங்குலப் பனி.
சட்டைக் கையை மடித்துவிட்டால் ஓரடிக்கு மேல்.
இன்று காலை இரண்டு கையையும் மடித்துவிட்டார்.

ஒன்பது மணிக்கு ரொட்டி தீர்ந்தது.
பத்தரைக்குப் பால்.
பன்னிரண்டுக்கெல்லாம்
வருஷம் முழுக்க ஒருவரும் தொடாத
அந்தக் கறுப்பு ரொட்டியும் போய்விட்டது.

இது கிழக்கு டென்னஸி.
இங்கே பனி வந்தால் இரண்டு நாள்,
முரண்டுபிடித்தால் மூன்று.
வாங்குகிறவர்கள் முகத்தைப் பார்த்தால்
கோட்டையைச் சுற்றிப் படை இறங்கியதுபோல் இருக்கிறது.

ஓபல் மெக்ரோரி பதினாலு டஜன் முட்டை கொண்டுவந்தாள்.
எதற்கென்று நான் கேட்கவில்லை,
கேட்கக் கூடாது.
அவளே சொன்னாள்:
"எனக்கு முன்னால் நின்றவன் பன்னிரண்டு எடுத்தான்."

டாய்ல் பெட்டிஜான் ஆறு மூட்டை பூனை மண் வாங்கினார்.
"பூனை வளர்க்கிறீர்களா?"
"டயருக்கு. வழுக்காது."
பின்னால் நின்றவர்களில் நாலு பேர்
வரிசையை விட்டுவிட்டு
பூனை மண் தேடி ஓடினார்கள்.

கடைசி பேட்டரி அட்டையின் ஒரு முனையைப் பாதிரியாரும்
மறு முனையைப் பள்ளிப் பேருந்து ஓட்டும் வெல்டனும்
பிடித்தபடியே கவுண்டர் வரை நடந்துவந்தார்கள்,
மணமேடைக்கு வருகிற ஜோடிபோல,
ஒருவரையொருவர் பார்க்காமல்.

பீப். பீப். பீப்.
என் வலது மணிக்கட்டு மட்டும்
தனியாக எங்கோ வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது.

நாலு பத்துக்கு மின்சாரம் போனது.
ஒரு துளிப் பனி விழவில்லை அதுவரை.
மேட்டுத் தெருவில்
ஜெனரேட்டர் ஏற்றிவந்த லாரி
கம்பத்தில் மோதிவிட்டதாம்.

மேனேஜர் ராட்கிளிஃப் பெட்டி ஒன்றின் மேல் ஏறி
"ரொக்கம் மட்டும்" என்றார்.

பர்ஸ்கள் திறந்தன. மூடின.
அட்டைகள், அட்டைகள்,
யாருடைய குழந்தையோ சிரிக்கும் ஒரு போட்டோ,
ஓபலிடம் மூன்று டாலர்.
பாதிரியார் முதலில் பேட்டரியை விட்டார்.
வெல்டனும் விட்டான்.
அது பெல்ட்டின் மேல் அப்படியே கிடந்தது.

பணம் இருந்தது ஒருவனிடம்தான்.
வெளியே காலையிலிருந்து விறகு விற்ற பையன்.
சட்டைப்பை புடைக்க ஒற்றை டாலர் தாள்கள்,
நகத்தில் மரச் சிராய்.
ஒரு சின்னப் பாக்கெட் சிப்ஸ் எடுத்துவந்தான்.
"இது போதுமா?" என்றேன்.
"பசிக்குது" என்றான்.
நின்றவர்கள் எல்லாரும்
அவன் எண்ணுவதையே பார்த்தார்கள்.
என்னிடமும் சில்லறை இல்லை.
மீதியை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அப்புறம் வண்டிகளை விட்டுவிட்டு
ஒவ்வொருவராக வெளியேறினார்கள்.
நாற்பத்தியொரு வண்டி.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
நானும் புதிதாகச் சேர்ந்த லைலும்
ஒவ்வொன்றாகத் திருப்பி அடுக்கினோம்.
இருபது கேன் பீச், திறப்பான் இல்லை.
குழந்தை உணவு, அதன் கீழே ஒளித்த விஸ்கி.
ஒரு வண்டியில் எட்டு ரொட்டிக்கு அடியில்
ஒன்பது என்ற எண் வடிவில் பிறந்தநாள் மெழுகுவர்த்தி.
அதை அடுக்க மனசு வரவில்லை.
கவுண்டரில், எல்லாரும் பார்க்கிற இடத்தில் வைத்தேன்.
யாராவது திரும்பி வந்தால் எடுக்கட்டும்.

யாரும் வரவில்லை. ஏழு மணிக்குப் பூட்டினோம்.
காரின் கண்ணாடியில் முதல் வெள்ளை ஒட்டியபோதுதான்
என் வீட்டில் பால் இல்லை என்பது நினைவுக்கு வந்தது.
திரும்பிப் பார்த்தேன்.
விளக்கில்லாமல், அலமாரி நிறைய ரொட்டியோடு,
ஊரிலேயே கடை ஒன்றுதான்
புயலுக்குத் தயாராக இருந்தது.