ஐம்பதுக்குக் குறைய அடிப்பதில்லை

மருதானையில் நஸ்மியின் அச்சகம்.
மின்விசிறி மாதிரி அட்டைகளை
எழுப்பி எழுப்பிப் படுக்க வைக்கிறது.
"மெட்டா, குளோசியா, அக்கா?"
குளோசி என்றால் என் நெற்றி மினுங்கும்.
மெட் என்றால் எமிலின் நீலச் சேர்ட் சாம்பலாகும்.
தடவிப் பார்க்கச் சொல்கிறார்.
விரலுக்கு இரண்டும் விலையாகத்தான் தட்டுப்படுகிறது.

நேற்றிரவு வீட்டில் இதே வழக்கு.
வட்ஸ்அப்பில் போட்டால் ஒரு சதமும் இல்லை என்றாள் ஷெவோன்,
தட்டினால் நட்சத்திரம் கொட்டுமாம், மணியும் அடிக்குமாம்.
படத்தைக் கழுவி மட்டையில் ஒட்டலாம் என்றார் எமில்.
போன முறை ஒட்டியதும் அவர்தான்.
டென்மார்க் போய்ச் சேர்ந்தபோது
உறைக்குள் நாங்கள் தனி, வாழ்த்துத் தனி.

ஆகவே அச்சு.
"ஐம்பதுக்குக் குறைய அடிக்கிறதில்ல,
மெஷின் சூடாகவே பத்துத் தாள் போகும்."
என் பட்டியலில் இருபத்து மூன்று பேர்.
போன வருடம் முப்பத்தொன்று.
ஐந்து பேர் வீடு மாறி விலாசம் சொல்லவில்லை.
இரண்டு பேர் செத்துப் போனார்கள்.
ஒருவர் எங்களோடு கதைப்பதில்லை.

படம் காலிமுகத்திடலில் எடுத்தது.
நால்வரும் ஒன்றாய்க் கண் திறந்திருப்பது
பதினாறில் இது ஒன்றில்தான்.
எடுத்துத் தந்தவர் இறால் வடை விற்றவர்.
எண்ணெய்க் கையைச் சாரத்தில் துடைத்து
போனை வாங்கி,
"சிரிக்க வேணாம், சும்மா நில்லுங்க" என்றார்.
சிரித்துவிட்டோம்.
வலது மூலையில் அவருடைய பெருவிரல்,
பொரித்த இறாலின் நிறத்தில்.

"இத எடுத்துரலாம், அரை நிமிஷம்."
நஸ்மி இழுக்க இழுக்க
விரல் இருந்த இடத்துக்குக் கடல் வருகிறது.
நல்ல கடல்.
அன்றைக்கு அங்கே அப்படியொரு அலை இல்லை.

போன வருடப் படத்தில் எமில் இல்லை.
அதற்கு முந்தியதில் நான் இல்லை.
யாராவது ஒருவர் எப்போதும் வெளியே நின்று
ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு.

விரலைத் திரும்ப வையுங்கள் என்றேன்.
"பிழையா அடிச்சிட்டம் எண்டு நினைப்பாங்க, அக்கா."
நினைக்கட்டும்.

பிறகு எழுத்துரு. பெருநாள் என்று அடித்தால்
கொம்பு கழன்று பின்னால் விழுகிறது.
இங்கிலீஷில் போட்டால் கரைச்சல் இல்லையாம்.
வேறு எழுத்துரு கிடைக்கும்வரை
பிளேன்டீ குடித்தபடி இருந்தேன்.

மெட், ஐம்பது.
மிச்சம் இருபத்தேழு.
லிப்ட் திருத்த வருபவருக்கு.
ஷெவோனின் பல்லைப் பிடுங்கிய டொக்டருக்கு.
வாகனம் நிறுத்துமிடத்துக்காகச் சண்டை பிடிக்கும்
மேல்மாடி விஜேரத்னவுக்கு, சிங்களத்தில்,
றொமேஷ் பள்ளிக் கொப்பியில் எழுதிப் பார்த்தபின்.
கதைக்காதவருக்கும் ஒன்று; முத்திரை ஒட்டிவிட்டேன்,
இன்னும் பெட்டியில் போடவில்லை.

ஞாயிறு பின்னேரம் ஒன்றைக் கையில் கொண்டுபோனேன்.
வண்டிகள் வரிசையாய். எல்லாரும் சாரத்தில்தான்
கை துடைக்கிறார்கள்.
ஒவ்வொரு வண்டியிலும் பெருவிரலைப் பார்த்தேன்.
ஒருவர் அட்டையை வாங்கி,
வெளிச்சத்துக்குப் பிடித்து, தன் விரலை
மூலையில் வைத்து அளந்தார்.
"என்ட இல்ல," என்றார். "ஆனா படம் நல்லாயிருக்கு."
கண்ணாடிப் பெட்டியில், வடைகளுக்கு மேலே,
சாய்த்து வைத்துக்கொண்டார்.

இரண்டு வடை வாங்கித் தின்று முடிப்பதற்குள்
அட்டையின் ஓரத்தில் எண்ணெய் ஏறத் தொடங்கிவிட்டது.
எமிலின் சேர்ட்டைத் தொடப் போகிறது.
குளோசி என்றால் துடைத்திருக்கலாம்.