சர்வர் வரும்வரை

தக்கலை சார்பதிவாளர் ஆபீசில்
சர்வர் செத்துப்போனது பத்தே காலுக்கு.
மூன்று மணிக்கு மேல் பார்க்கலாம் என்றார் பத்திர எழுத்தர்.
எட்டு மாதமாய்ப் பேசாத அண்ணனும் நானும்
ஒரே பெஞ்சில் எவ்வளவு நேரந்தான்
ஃபேனைப் பார்ப்பது.

"கொட்டாரம் பாக்கப் போவமா?" என்றான் வில்ஃபிரட்.
ஸ்கூட்டரில் எங்களுக்கு நடுவே
என் கைப்பையை வைத்துக்கொண்டேன்.
உள்ளே விடுதலைப் பத்திரம், கையெழுத்து மட்டும் பாக்கி.

பத்மநாபபுரத்தில் செருப்பைக் கழற்றினோம்.
சிரட்டைக் கரியும் முட்டை வெள்ளையும் குழைத்த தரை
இரண்டு பேரையும் கலங்கலாய்க் காட்டியது,
யார் அண்ணன் யார் தங்கை என்று தெரியாதபடி.
இடப்பக்கம் போங்கள் என்று
மலையாளத்தில் சொன்னார் சீட்டு கிழித்தவர்.
ஐம்பத்தாறில் மாவட்டம் இந்தப் பக்கம் வந்தது.
கொட்டாரம் அந்தப் பக்கத்துக் கணக்கிலேயே நின்றுவிட்டது.
சுற்றிலும் நம் மண், சாவி அவர்களிடம்.
"நல்ல பாகம் வைப்பு" என்றேன்.
அவன் சிரிக்கவில்லை. அடுத்த நிலைவாசலில்
தலையை இடித்துக்கொண்டான்.

வேர்க்கிளம்பியில் சாயா, பழம்பொரி.
காசு நீயா நானா என்று கொஞ்சம் தள்ளுமுள்ளு.
இரண்டு பேருமே கொடுத்துவிட்டோம்.
மீதியைக் கேட்க யாரும் திரும்பவில்லை.

மாத்தூர் தொட்டிப்பாலம்.
பக்கத்து ஊரில் பிறந்தும்
நாற்பத்தொரு வயதுவரை நான் ஏறாதது.
பறளியாற்றுக்கு மேலே
இருபத்தெட்டுத் தூண்களின் தோளில்
வேறொரு வெள்ளம் போகிறது,
கீழே ஓடுவதை ஒரு வார்த்தை விசாரிக்காமல்.

ஏழாவது தூணில் வில்ஃபிரட் நின்றுவிட்டான்.
தென்னை உச்சியிலிருந்து எனக்குக் கருக்கு எறிந்தவன்
என் பையின் வாரைப் பிடித்திருந்தான்.
"கீழே பாக்காதே."
"நீ எதாவது பேசிட்டே நட."

என்ன பேச, எட்டு மாதத்துக்குப் பிறகு?
தூண்களை எண்ணினேன், சத்தமாக.
பதினொண்ணு. பன்னிரண்டு.
பள்ளிக்கூடப் பிள்ளைகள் உரசிக்கொண்டு ஓடினார்கள்.
பாலம் அதிர்ந்ததாக அவன் சத்தியம் செய்தான்.
பத்தொன்பதில் போன்.
"சர்வர் வந்தாச்சு, சட்டுனு வாங்க."

வாரில் அவன் விரல்கள் தளரவில்லை.
எண்ணிக்கையை நிறுத்தாமலே சொன்னேன்:
"சானல் கரையில பத்து சென்ட் எனக்கு வேணும்.
இருபது. இருபத்தொண்ணு."

"எட்டீ, மொதல்ல அக்கர போவோம்" என்றான்
கண்ணை இறுக மூடிக்கொண்டு.
இருபத்திரண்டை
அவன்தான் சொன்னான்.