கால் பாட்டில் தண்ணீர்

கம்ப்ரசர் என்னுடையது.
இரண்டே முக்கால் டன். மஞ்சள் பெயின்ட்.
மேலூர்ப் பக்கத்துக் குவாரிகள் கதவைச் சாத்தியபின்
ஒத்தக்கடைக் கொட்டகையில் இரண்டு வருடம் கிடந்தது.
அதன்மேல் பூனை குட்டி போட்டது.
இப்போது போடிமெட்டில் வேலை வந்திருக்கிறது,
சரிந்து கிடக்கும் பாறைகளுக்குத் துளை போட.
பதினேழு கொண்டை ஊசி வளைவு.
இழுத்துப்போக வண்டி இல்லை.

கப்பலூரில், பழைய வண்டிகள் நிற்கிற பொட்டலில்
தரகர் சிக்கந்தர் வெள்ளை பிக்கப் ஒன்றை
மாப்பிள்ளையைக் காட்டுவதுபோல் காட்டினார்.
"யானையையே இழுக்கும்க்கா."
ஹார்ஸ்பவர் சொன்னார், டார்க் சொன்னார்,
ஏசி போட்டுக் காட்டினார்.
என் டிரைவர் ஒச்சப்பன்
சட்டையைக் கழற்றி மடித்து என் கையில் கொடுத்துவிட்டு
வண்டிக்கு அடியில் போனான்.
இரண்டு கால்கள் மட்டும் வெளியே.
கொக்கியை ஆட்டும் சத்தம்.
சேஸிஸைத் தட்டும் சத்தம்.
அப்புறம் நெடுநேரம் சத்தமே இல்லை.
எழுந்து வந்து முதுகு மண்ணைத் தட்டினான்:
"கணவாய்க்குப் போய்ட்டு வருவோம்."

உசிலம்பட்டி வரை அது மாப்பிள்ளைதான்.
தட்டையான ரோட்டில் எந்த வண்டிதான் மாப்பிள்ளை இல்லை?
கணவாய் ஏற்றத்திலும் மூச்சு வாங்கவில்லை.
நான் மனசுக்குள் முன்பணத்தை எண்ண ஆரம்பித்திருந்தேன்.
இறக்கத்தில்தான் கம்ப்ரசர்
தனக்கும் ஒரு விருப்பம் உண்டு என்றது.
முதுகில் ஒரு முட்டு.
இன்னொன்று.
ஒச்சப்பனின் கால் பிரேக்கை விட்டு எழவே இல்லை.
டிக்கெட் எடுக்காத பயணிபோல
கருகல் வாடை ஒன்று உள்ளே ஏறி உட்கார்ந்தது.

ஆண்டிபட்டிக்கு முன்னால், டீக்கடை ஓரம் நிறுத்தி
கால் பாட்டில் தண்ணீரைச் சக்கரத்துக்குள் தெளித்தான்.
சுர்ர்.
இருபது வருடமாய்த் தோசைக்கல்லைப் படிக்கிறவள் நான்.
அந்தச் சூட்டில் மாவு ஊற்றினால்
கல்லோடு ஒட்டிக்கொண்டு சாகும்.

மறுநாள் டிராக்டர் ஒன்று.
அதைப் பற்றி எழுத அதிகமில்லை.
இறக்கத்தின் முதல் வளைவிலேயே கம்ப்ரசர் குறுக்கே வந்து
எங்கள் முகத்தைப் பார்த்தது.

மூன்றாவதை சிக்கந்தர் காட்டவே இல்லை.
வேலியோரம், சீமைக்கருவேல நிழலில்
தன்பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது,
ஆறு சக்கர டிப்பர். பதினான்கு வயசு.
ஒரு கதவு நீலம், ஒரு கதவு பச்சை.
"ஏத்தத்துல நொண்டும்க்கா, டீசலைக் குடிக்கும்,
பாக்குறவன் சிரிப்பான்."
ஒச்சப்பன் மறுபடி சட்டையைக் கழற்றினான்.

நொண்டியது உண்மை.
தேனி பஸ், இரண்டு வைக்கோல் லாரி,
ஆடு ஏற்றிய ஆட்டோகூட முந்திப் போனது.
அதிலிருந்த கிடா ஒன்று
கடைசிவரை என்னையே பார்த்துக்கொண்டு போனது.
உச்சி தாண்டியதும் இரண்டாம் கியரில் போட்டு
பிரேக்கிலிருந்து காலை எடுத்து
சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்தான்.
இன்ஜின் உறுமி உறுமி
தன் கழுத்தைத் தானே பிடித்துக்கொண்டது.
பின்னால் கம்ப்ரசர்
வேறு வழியில்லாமல் கூட வந்தது.
அதே டீக்கடை. அதே கால் பாட்டில்.
தண்ணீர் சக்கரத்தில் வழிந்து மண்ணில் சொட்டியது.
ஒரு சத்தமும் இல்லை.
நான் இரண்டு டீ சொன்னேன்.

விலை பேசுகையில் சிக்கந்தருக்கு மனத்தாங்கல்:
"இழுவை எவ்வளவுன்னு ஒரு வார்த்தை கேக்கலயேக்கா."
கேட்கவில்லைதான்.
மேலே போனது கீழேயும் வரவேண்டும் என்பதை
அவரிடம் எப்படிச் சொல்வது?
அவர் கமிஷன் ஏற்றத்திலேயே முடிந்துவிடுகிறது.

பெயின்டர் வந்தார்.
முன்கண்ணாடியின் நெற்றியில் பழைய முதலாளி
எழுதிவைத்த பெயர்கள்: யாழிசை, முகிலன்.
"சுரண்டிறவா? உங்க பிள்ளைக பேரைச் சொல்லுங்க."
கையில் பிளேடு.
யாரோ ஒரு மனுஷன் பதினான்கு வருடம்
இந்த இரண்டு பெயருக்குக் கீழே உட்கார்ந்து
இறக்கங்களில் பிரேக்கைச் சேமித்திருக்கிறார்.
இருக்கட்டும் என்றேன்.
கதவுகளை மட்டும் ஒரே நிறமாக அடிக்கச் சொன்னேன்.
நீலமா பச்சையா என்று
எனக்கும் ஒச்சப்பனுக்கும் இன்னும் தீரவில்லை.
நாளை விடியலில் போடி.
இரண்டு நிறத்திலேயே ஏறும்.