ஆகிய நான்

ஆலங்கால்பேரியில் இதற்குமுன்
மூன்று பிரசிடெண்டுகளின் பதவியேற்புக்கு
மைக் செட் கட்டியிருக்கிறேன்.

முதலாமவர் மாலையைக் கழற்றாமல் பேசினார்.
சம்பங்கி நார் மைக்கில் உரசி
ஒவ்வொரு வார்த்தைக்கும் முன்னால்
ஸ்பீக்கருக்குள் கரப்பான் ஓடியது.
அடுத்தவர் உறுதிமொழியை
குளத்து மீன் ஏலம் போல முடித்துவிட்டு
பிரியாணி அண்டாவைத் திறக்கச் சொன்னார்.
மூன்றாவது ஓர் அம்மா.
வாசித்தவர் அவர் வீட்டுக்காரர்.
அந்த வாடகை இன்னும் வரவில்லை.

டில்லியில் குதிரைகள் வரும், குண்டு முழங்கும்,
டிவியில் பார்த்திருக்கிறேன்.
ஜமீன் காலத்தில் பட்டம் கட்ட
மலையிலிருந்து தண்ணீர் சுமந்து வந்தார்களாம்.
சுமந்தது யார் என்று
யாரும் சொன்னதில்லை.

எங்களுக்கு சமுதாயக்கூடம்,
யூனியன் ஆபீசில் ஜெராக்ஸ் எடுத்த ஒரு தாள்.
ஜீப் வந்துவிட்டால் பதவியேற்பு.

நேற்று முப்பிடாதி.
கீழத்தெரு. நூறுநாள் வேலையில்
பேரிக்கரைக்கு மண் சுமந்தவள்.
மேலத்தெரு ஆட்கள் பந்தல்கால் வரை வந்து
நின்றுகொண்டார்கள்.
நாற்பது நாற்காலி காலி.
வாடகை நாற்காலிகள், அவற்றுக்குத் தெரு தெரியாது.

மைக்கை அவள் உயரத்துக்கு இறக்கினேன்.
தாளில் முதலில் ஒரு புள்ளிக்கோடு,
பிறகு 'ஆகிய நான்'.
"அதுல ஒங்க பேரைச் சொல்லணும்மா" என்றார் அதிகாரி.
வாய் திறந்தாள். சத்தமில்லை.
ஒயரைத் தொட்டுப் பார்த்தேன்.
ஆம்ப்ளிஃபயரில் பச்சை விளக்கு எரிந்தது.
மூச்சு மட்டும் குழாய் வழியே போய்க்கொண்டிருந்தது,
வாழைத் தோட்டங்களுக்கு,
மேலத்தெரு மச்சுகளுக்கு.

ஏட்டி. ஏ பிள்ளே. சித்தாளு.
கொம்பையா பொண்டாட்டி.
ரேஷன் கார்டில் எழுத்துப்பிழை.

"முப்பிடாதி ஆகிய நான்."

குழாய் ஒருமுறை கூவி அடங்கியது.
அவர் நிறுத்தவில்லை.
மாறாத பற்று, இறையாண்மை,
அச்சமின்றி, ஒருதலைச் சார்பின்றி,
எல்லாம் மண்சட்டி கைமாறுவது போல
தடங்கலில்லாமல் போனது.
'ஆகிய' என்ற சொல்
மூன்றுமுறை என் செட்டில் போயிருக்கிறது.
நேற்றுத்தான் காதில் விழுந்தது.

ஜீப் கிளம்பியபின் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தேன்.
ஆளில்லாத நாற்காலிகளை
அவரே அடுக்கத் தொடங்கினார்.
"விடுங்க பிரசிடெண்டு, நான் எடுக்கேன்."
சொன்னபிறகுதான் சொன்னது தெரிந்தது.
அவர் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார்.
"போன தடவை வாடகை பாக்கியாமே?"
"ஆமா."
"பில்லு போடணும்லா.
செட்டுக்காரரே, ஒம்ம பேரு என்ன?"

இருபத்தாறு வருஷத்தில்
இந்த ஊரில் யாரும் கேட்டதில்லை.
எனக்கும் கொஞ்ச நேரம்
மூச்சுதான் வந்தது.