உடல் கிடைக்காத காட்சி

வெள்ளிக்கிழமைக்குள் கோமதி சாக வேண்டும்.
சென்னையிலிருந்து வாய்ஸ் மெசேஜ்.
பின்னால் யாரோ டீ கிளாஸ்களை எண்ணுகிறார்கள்.
"ஆக்சிடென்ட் போதும் மேடம், பெருசா வேண்டாம்.
அந்தப் பொண்ணு சம்பளம் கூடக் கேக்குது."

சின்னப்பாலத்தில் சிக்னல் ஓரிடத்தில்தான் நிற்கும்,
கவிழ்த்துப் போட்ட வத்தையின் வால்பக்கம்.
அங்கே உட்கார்ந்துதான்
அறுநூற்றுப் பதினோரு எபிசோடு எழுதியிருக்கிறேன்,
கச்சான் காற்று மணல் தூவாதபடி
லேப்டாப்பை முந்தானையால் மூடிக்கொண்டு.
'ழ' இப்போதெல்லாம் ஓங்கிக் குத்தினால்தான் விழுகிறது.
அழுகிற காட்சிகள்
அதனால் கொஞ்சம் தாமதம்.

எனக்கும் இப்படித்தான் வந்தது சாவு.
மேக்கப் அறையில், பாதி பவுடர் பூசிய முகத்தோடு
அன்றைய சீன் பேப்பரில் என்னைத் தேடினேன்.
வசனப் பக்கத்தில் இல்லை.
ஆர்ட் டிபார்ட்மென்ட் பட்டியலில் இருந்தேன்:
வர்ணிகா போட்டோ, ஒன்று.
சந்தன மாலை, ஒன்று.
மூன்று மாதப் பாக்கியைக் கேட்டு
நான்கு நாள் ஆகியிருந்தது.
அன்று ராத்திரி சவேரியம்மாளாகப் பஸ் ஏறினேன்.
அந்தப் போட்டோ இன்னும் இரண்டு வருஷம் நடித்தது.
அதற்கும் பேட்டா கிடையாது.

எழுத வந்தது திட்டமில்லை.
ஒரு மாமியாருக்குக் கோபம் வராத மதியத்தில்
போனில் நான் சொன்ன வாக்கியத்தை எழுதிக்கொண்டார்கள்.
மறுவாரம் இரண்டு கேட்டார்கள்.
இப்போது டைட்டிலில் என் பெயர் ஓடுகிறது,
படிக்க முடியாத வேகத்தில்.

நம்புத்தாய் கடலைவிட்டு ஏறி வருகிறாள்.
நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி,
கழற்றிக் கையில் எடுத்த தகரச் செருப்பு,
விரலெல்லாம் துணிச் சுற்று,
சாக்கில் மரிக்கொழுந்துப் பாசி.
மாதம் பன்னிரண்டு நாள்தான் அவளுக்கும் கால்ஷீட்.
முதல்முறை என்னைப் பார்த்தபோது
"நீங்க செத்துட்டீங்கள்ல?" என்றாள்,
ஏமாற்றப்பட்ட குரலில்.
எனக்காக ஒருநாள் சோறு இறங்கவில்லையாம்.

இன்றைக்குக் கேட்டாள், "கோமதிக்கு என்னாகுது?"
சொல்லக் கூடாது. ஒப்பந்தத்தில் இருக்கிறது.
சொன்னேன்.
"லாரியா?"
"லாரி."
விரல்துணியை அவிழ்த்தபடி,
"பாடி வருதா?"

காட்டமாட்டோம் என்றேன்.
ஆஸ்பத்திரி செட்டுக்கு வாடகை அதிகம்.

"அப்ப சாகல."

சாக்கைக் கொட்டிக் கல் பொறுக்க உட்கார்ந்துவிட்டாள்.
அவள் ரேஷன் கார்டில் இன்னும் நான்கு பெயர்.
நான்காவது, ஒரு புரட்டாசியில்
முயல்தீவுப் பக்கம் போனது.
பெயரை நீக்கச் சான்றிதழ் கேட்கிறார்கள்,
சான்றிதழுக்கு உடலைக் கேட்கிறார்கள்.
"இருக்கட்டும், அரிசி வருதுல்ல" என்பாள்.
அந்த அரிசிக்கும் லேசில் வழியில்லை.
பாறை தின்ற விரலுக்கு மெஷினில் ரேகை விழாது,
பாவாடையில் துடைத்துத் துடைத்து
ஐந்தாவது தடவையில்தான்
இருக்கிறாள் என்று ஒத்துக்கொள்ளும்.

லாரியை அழித்தேன்.

வெளி. இரவு. பாலம்.
கைப்பிடிச் சுவர் உடைந்திருக்கிறது.
கீழே தண்ணீர்.
போலீஸ்காரர்: தேடிக்கிட்டுத்தாம்மா இருக்கோம்.
ஆர்ட் டிபார்ட்மென்டுக்கு: செருப்பு, ஒற்றை.
மாலை வேண்டாம்.

அனுப்பிய கொஞ்ச நேரத்தில்
அந்தப் பெண்ணிடமிருந்து,
அவளை நான் நேரில் பார்த்ததே இல்லை:
"அக்கா, என்னக் கொன்னுட்டீங்களா?"

என்ன எழுதுவது.
சம்பளத்தைக் கேட்டது சரிதான் என்று தட்டி, அழித்து,
"உனக்கு நீச்சல் தெரியுமா?" என்று அனுப்பினேன்.

ஒற்றை டிக்.

"எந்திரிங்க, எந்திரிங்க" என்று
நாலு ஆண்கள் வந்து நிற்கிறார்கள்.
வத்தையைத் தண்ணியில் தள்ள வேண்டுமாம்.